பறங்கிச் சாம்பிராணி மாத்திரை நரம்பைச் சரிசெய்யுமா? ஆதாரத்தை நீங்களே எடைபோட்டுப் பார்க்கும் வழி

பாதத்தில் எரிச்சல், விரல்நுனியில் மதமதப்பு, ராத்திரி படுத்தால் ஊசி குத்துகிறது என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரு வாரத்துக்குள் ஏதோ ஒரு மரப்பிசினின் பெயர் உங்கள் ஃபோனுக்கு வந்து சேரும். கூடவே "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி. அந்த வரி முழுப் பொய்யாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை. ஆராய்ச்சி நடந்திருக்கிறது, முடிவும் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அது யாருக்கு, எந்த நரம்பில், எதை அளந்து வந்த முடிவு என்பது மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைத் தேடி எடுப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு பறங்கிச் சாம்பிராணியை, அதாவது போஸ்வெல்லியா பிசினை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நரம்புக்கு நல்லது என்று அதிகம் சொல்லப்படுவதும், ஓரளவு ஒழுங்காக ஆராயப்பட்டதும் அதுதான்.

முதலில் எந்தப் பிசின் என்று உறுதி செய்யுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான். தமிழில் சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம், குக்குலு என்ற பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. சாம்பிராணி என்றால் பெரும்பாலும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசின். குங்கிலியம் என்று சால மரப் பிசினையும் சொல்வார்கள், போஸ்வெல்லியாவையும் சொல்வார்கள். குக்குலு என்பது கோமிஃபோரா என்ற முட்செடியின் பிசின், போஸ்வெல்லியாவுக்கு உறவுதான், ஆனால் வேறு பொருள். ஆகவே ஊர்ப்பெயரை நம்பாமல் டப்பாவில் தாவரவியல் பெயரைத் தேடுங்கள். அந்தப் பெயர் இல்லாத டப்பாவை வைத்துக்கொண்டு எந்த ஆராய்ச்சியைப் பேசினாலும் வீண்.

போஸ்வெல்லியாவிலும் பல இனங்கள் உண்டு. இந்தியாவில் வளர்வது போஸ்வெல்லியா செராட்டா, சமஸ்கிருதத்தில் சல்லகி. ஓமன், ஏமன், சோமாலியா பக்கம் போஸ்வெல்லியா சாக்ரா. எத்தியோப்பியாவிலும் சூடானிலும் போஸ்வெல்லியா பாப்பிரிஃபெரா. சோமாலியாவில் கிடைக்கும் போஸ்வெல்லியா ஃப்ரெரியானாவில் போஸ்வெலிக் அமிலங்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வீக்கத்தைக் குறைப்பதாகச் சொல்லப்படும் சரக்கே அந்த அமிலங்கள்தான் என்பதால், இனம் மாறினால் மருந்தே மாறிவிட்டது என்று அர்த்தம்.

இதே காரணத்தால்தான், காலில் தேய்க்கச் சொல்லி விற்கப்படும் வாசனை எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நீராவியில் வடித்தெடுப்பது. போஸ்வெலிக் அமிலங்கள் கனமான மூலக்கூறுகள், நீராவியோடு மேலே ஏறி வராது, பிசினிலேயே தங்கிவிடும். எண்ணெய் மணக்கும், தேய்த்தால் இதமாகவும் இருக்கலாம், ஆனால் மாத்திரை பற்றிய ஆராய்ச்சியைக் காட்டி எண்ணெயை விற்றால் அது வேறு பொருளுக்கான சான்றிதழ்.

கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

"நரம்புக்கு நல்லதா?" என்று கேட்டால் யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அறுந்த அல்லது நசுங்கிய நரம்பு மறுபடி வளர்கிறதா? நரம்பு கெட்டதால் வரும் வலி குறைகிறதா? இனிமேல் கெடுவது நிற்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதுக்கும் ஆம் என்று ஆகிவிடாது. வலியைக் குறைக்கும் ப்ரீகாபலின் நரம்பை வளர்ப்பதில்லை. பி12 ஊசி, அந்தக் குறைபாட்டால் கெட்ட நரம்பைக் காப்பாற்றும், ஆனால் எரிச்சல் அடங்க மாதக்கணக்கு ஆகலாம்.

இந்தப் பிரிப்பைக் கொஞ்சம் பிடிவாதமாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எரிச்சல் நின்றுவிட்டது, ஆகவே குணமாகிவிட்டது என்று நினைப்பது நரம்பு விஷயத்தில் ஆபத்தான கணக்கு. சர்க்கரை நோயில் பாதத்தின் சின்ன நரம்பிழைகள் சாகும்போது எரிகிறது, குத்துகிறது. முழுக்கச் செத்த பிறகு வலி தானாகவே அடங்கிவிடும், அந்த இடத்தில் மரத்துப்போன பாதம் மட்டும் மிஞ்சும். அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு பிசின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பெயர் அதற்குப் போகும். பாதத்தில் கல் குத்திப் புண்ணானது தெரியாமல் நடந்த பிறகுதான் உண்மை தெரியும். எனவே வலியைத் தனியாகவும் உணர்ச்சியைத் தனியாகவும் பாருங்கள். வலி குறைந்து உணர்ச்சி அப்படியே இருந்தால் நல்லது, திரும்பி வந்தால் இன்னும் நல்லது. வலியும் குறைந்து உணர்ச்சியும் குறைந்தால் அது சந்தோஷப்பட வேண்டிய செய்தி இல்லை.

காரணம் தெரியாமல் மாத்திரையைத் தொடாதீர்கள்

இதை நீட்டப் போவதில்லை. சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், மது, சில கீமோதெரபி மருந்துகள், தொழுநோய், முதுகெலும்பில் நரம்பு நசுங்குவது, மணிக்கட்டில் நசுங்குவது என்று நரம்பு கெடப் பல காரணங்கள். இவற்றில் பலவற்றுக்கு நேரடிச் சிகிச்சை இருக்கிறது. சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் ஆறு மாதம் பிசின் சாப்பிட்டால் வீணாவது அந்த ஆறு மாதம், அதற்குள் சில நரம்பிழைகள் திரும்பவே முடியாத இடத்துக்குப் போயிருக்கும்.

பலவீனம் கால்களில் தொடங்கி நாட்கணக்கில் மேலே ஏறுவது, முகம் திடீரென்று ஒரு பக்கம் கோணுவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கட்டுரையை அப்புறம் படிக்கலாம்.

ஆதாரத்தைப் படிப்படியாக ஏறிப் பாருங்கள்

கீழ்ப்படி வேதியியல். இங்கே போஸ்வெல்லியா நன்றாகவே நிற்கிறது. 1992இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகக் குழு, போஸ்வெலிக் அமிலங்கள் 5-லிப்பாக்ஸிஜனேஸ் என்ற நொதியைத் தடுப்பதாகக் காட்டியது. அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன்கள் உருவாக இந்த நொதி வேண்டும். அமிலங்களில் வலுவானது ஏகேபிஏ. அது அந்த நொதியின் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதை 2020இல் படிக அமைப்பாகவே படம்பிடித்துவிட்டார்கள். ஆக இது கட்டுக்கதை மருந்து இல்லை, செயல்படும் விதம் தெரிந்த பொருள்.

சரி, இதிலிருந்து நரம்புக்குத் தாவலாமா? அவசரப்படாதீர்கள். ஸைலூட்டான் என்ற ஆஸ்துமா மருந்தும் இதே நொதியைத்தான் தடுக்கிறது, யாரும் அதைப் பாத எரிச்சலுக்கு எழுதிக் கொடுப்பதில்லை. நொதியைத் தடுப்பதே நரம்பைக் குணமாக்கிவிடும் என்றால் அது இந்நேரம் தெரிந்திருக்கும். இன்னொன்று, நரம்பு விஷயத்தில் அழற்சி எப்போதும் வில்லன் இல்லை. நசுங்கிய நரம்பில், அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள இழை சிதைந்துபோகும். அந்தக் குப்பையை, குறிப்பாக இழையைப் போர்த்தியிருந்த மயலின் உறையின் மிச்சத்தை, மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து தின்று வழியைத் துப்புரவாக்கினால்தான் புது இழை வளர இடம் கிடைக்கும். அந்தச் செல்களை இல்லாமல் செய்த விலங்குகளில் நரம்பு வளர்வது தாமதமாகிறது. எனவே "வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே நரம்பை வளர்க்கும்" என்ற ஒரு வரித் தர்க்கத்தைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கீழ்ப்படியிலேயே இன்னொரு விரிசல். சோதனைக் குழாயில் வேலை செய்யும் அளவு ஏகேபிஏ, வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் கிடைப்பதில்லை, பல மடங்கு குறைவாகவே சேர்கிறது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் சில மடங்கு கூடும் என்று ஆட்களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள், ஆனாலும் இடைவெளி முழுக்க மூடுவதில்லை. செல்களில் நடந்த ஆய்வு என்றால் அளவு என்ன என்று பாருங்கள், அது உடம்புக்குள் எட்டக்கூடிய அளவா என்பதுதான் கேள்வி.

நடுப்படி எலி. இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பு நசுக்கப்பட்ட எலிகளுக்கு ஏகேபிஏ கொடுத்து, நரம்பிழைக்கு உறையிடும் ஷ்வான் செல்கள் பெருகியதாகவும் நரம்பு வேகமாகத் தேறியதாகவும் சீனாவிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. உங்களுக்கு வரும் செய்தியில் "நரம்பு மறுவளர்ச்சி நிரூபணம்" என்று இருந்தால் மூலம் பெரும்பாலும் இந்த மாதிரி எலி ஆய்வாகத்தான் இருக்கும். அது பொய்யான ஆய்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது மனதில் வைக்க வேண்டியவை சில இருக்கின்றன, இவற்றில் நிதானமாக நில்லுங்கள்.

எலியின் நசுங்கிய சியாட்டிக் நரம்பு மருந்து எதுவும் இல்லாமலே சில வாரங்களில் பெருமளவு சரியாகிவிடும். அதனால் ஆய்வில் கேட்கப்படும் கேள்வி "சரியாகுமா" என்பது இல்லை, "எவ்வளவு சீக்கிரம்" என்பதே. மனிதனில் கதை வேறு. வளரும் நரம்பிழை நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். இடுப்பில் அடிபட்டுப் பாதம் வரை போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், கணக்குப் போட்டால் இரண்டரை மூன்று வருடம். அதற்குள், ஒன்று ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த தசை, நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்காது. எலிக்கு இந்தத் தூரப் பிரச்சினையே கிடையாது. அதோடு, நசுக்கப்படும் எலி இளசு, ஆரோக்கியம். உங்கள் நரம்பு கெட்டது பதினைந்து வருடச் சர்க்கரையால் என்றால், ஒரே ஒரு முறை நசுங்கிய நரம்போடு அதை ஒப்பிடுவதற்கு என்ன நியாயம்?

காயத்திலும் தரம் உண்டு. ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய அறுவை நிபுணர் 1943இல் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். முதல் வகையில் இழை அறுவதில்லை, சிக்னல் மட்டும் தற்காலிகமாக நிற்கும், வாரக்கணக்கில் தானாகத் திரும்பும். இரண்டாவதில் இழை அறும், உறை தப்பும், மெதுவாக வளர்ந்து வரலாம். மூன்றாவதில் நரம்பே துண்டாகிவிடும், அதற்குத் தையல் வேண்டும், மாத்திரை இல்லை. "எனக்கு இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது" என்று சொல்பவருக்கு வந்தது முதல் வகையாக இருந்தால், பச்சைத் தண்ணீர் குடித்திருந்தாலும் இரண்டு மாதத்தில் சரியாகியிருக்கும்.

மேல்படி மனிதர்கள். இங்கே போஸ்வெல்லியாவுக்கு இருக்கும் நல்ல ஆய்வுகளையே எடுத்துக்கொள்வோம். 2011இல் ஜெர்மனியில், மூளையில் கட்டி இருந்து கதிர்வீச்சு எடுத்த 44 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளைக்கு 4200 மில்லிகிராம் போஸ்வெல்லியாவும் மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் (மருந்தே இல்லாத, அதேபோல் தோற்றமளிக்கும் மாத்திரை) கொடுத்தார்கள். மூளை வீக்கம் 75 சதவீதத்துக்கு மேல் வடிந்தவர்கள் மருந்துக் குழுவில் 60 சதவீதம், மற்றதில் 26 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் ஒழுங்கான ஆய்வு. வாழ்க்கைத் தரத்திலோ அறிவுத் திறனிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, ஃபார்வர்டு செய்திகள் அந்த வரியை எடுத்து வருவதில்லை. 2018இல் ஜெர்மனியிலேயே, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைக் கெடுக்கும் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் நோய் உள்ள 28 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில் மூளை ஸ்கேனில் புதுப் புண்கள் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்துப்போலிக் குழு இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2014 தொகுப்பு, மூட்டுத் தேய்மானத்துக்கு இரண்டு ஆய்வுகளில் 85 பேரை வைத்துப் பார்த்தது. ஏகேபிஏ செறிவூட்டிய சாற்றை 100 மில்லிகிராம் அளவில் 90 நாள் எடுத்தவர்களுக்கு, நூற்றுக்கு அளக்கும் வலி அளவில் மருந்துப்போலியைவிட 17 புள்ளி அதிகமாகக் குறைந்தது.

கவனித்தீர்களா? மூளை வீக்கம், மூளைப் புண், முழங்கால். பாதத்து நரம்பு எங்கே?

2019இல் காக்ரேன், நரம்பு வலிக்கு மூலிகைகள் என்ற தலைப்பிலேயே ஒரு தொகுப்பு செய்தது. அவர்கள் விதிமுறைக்குள் தேறியது இரண்டே இரண்டு ஆய்வுகள், மொத்தம் 128 பேர். ஒன்று ஜாதிக்காய் சார்ந்த மேல்பூச்சு, மற்றொன்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி. பிசின் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டுக்குமே போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். ஆக, இன்றைக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: அழற்சி எதிர்ப்புக்கு நல்ல அடிப்படை, முழங்கால் வலிக்கு மிதமான ஆதாரம், எலி நரம்பில் நம்பிக்கை தரும் குறி, மனித நரம்புச் சேதத்தைச் சரிசெய்யும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இதில் இன்னொரு பொறி, மில்லிகிராம். ஓர் ஆய்வில் 4200, இன்னொன்றில் 100. இரண்டும் வெவ்வேறு சாறு, வெவ்வேறு செறிவு. ஒன்றின் அளவைக் கொண்டுபோய் மற்றொன்றின் டப்பாவில் பொருத்தக்கூடாது.

விதம் தெரிந்தால் பலன் நிச்சயமா?

இல்லை என்பதற்கு இதே பிசின் குடும்பத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. குக்குலு கொழுப்பைக் குறைக்கும் என்று பழைய நூல்களில் குறிப்பு இருந்தது, 1960களில் பனாரஸில் முயல்களில் சோதித்தார்கள், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதை மருந்தாகவே உருவாக்கியது. 2002இல் அது செல்லுக்குள் எந்த ஏற்பியில் வேலை செய்கிறது என்பதுகூடப் பெரிய பத்திரிகையில் வந்தது. மரபு, விலங்கு, விதம் மூன்றும் கைவசம். 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு எட்டு வாரம் பார்த்தால், குக்குலு எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 4, 5 சதவீதம் ஏறியது, மருந்துப்போலி எடுத்தவர்களுக்கு 5 சதவீதம் இறங்கியது. சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு. நரம்புக்குப் போஸ்வெல்லியாவும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. மேல்படியில் கால் வைக்காத எதையும் நிரூபிக்கப்பட்டது என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு வலிக்கு டாக்டர்கள் எழுதும் மருந்துகளே அற்புதம் செய்வதில்லை. 2015இல் வந்த பெரிய தொகுப்பின்படி, ஒருவருக்குக் கணிசமாக வலி குறைய அமிட்ரிப்டிலின் வகையை 3.6 பேருக்கும், டுலாக்ஸெடின் வகையை 6.4 பேருக்கும், ப்ரீகாபலினை 7.7 பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த மருந்தின் நிலை இது. இந்த எண் ஒன்றுகூடக் கையில் இல்லாத பொருளை "நூற்றுக்கு நூறு" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வேறு பேச்சுக்குப் போய்விடலாம்.

அப்படியும் முயற்சி செய்ய ஆசையென்றால்

ஆசைப்படுவதில் தப்பில்லை. எரிச்சலோடு மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பவரிடம் ஆதாரம் போதாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கும் பிடிக்காது. முறையோடு செய்யுங்கள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள். போஸ்வெல்லியாவோடு சேர்த்தபோது ரத்தம் உறையும் நேரம் கூடியதாக நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. குக்குலு கலந்த கூட்டு என்றால் இன்னும் கவனம், அது ப்ரொப்ரனலால், டில்டியாஸெம் போன்ற இதய, ரத்த அழுத்த மருந்துகள் ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கிறது. கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள் தாங்களாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது, சொல்லவே வேண்டாம், கூடாது. மற்றவர்களுக்குப் பொதுவாக வரும் தொல்லை வயிறுதான்: குமட்டல், நெஞ்செரிச்சல், பேதி.

டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். இனத்தின் பெயர் இருக்க வேண்டும், ஏகேபிஏ எத்தனை சதவீதம் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். "போஸ்வெலிக் அமிலங்கள் 65 சதவீதம்" என்று மட்டும் இருந்தால் அதில் ஒரு சூட்சுமம். அந்த எண்ணைப் பெரும்பாலும் டைட்ரேஷன் முறையில் எடுக்கிறார்கள், அது கண்ணில் படும் எல்லா அமிலத்தையும் கூட்டிக் கணக்குக் காட்டிவிடும், ஒவ்வொரு அமிலத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி முறையில் பார்த்தால் எண் குறையும். உலோகப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகம் சேர்த்தே தயாரிக்கும் ரசவகை மருந்துகளில் இது மற்ற வகைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஈயமும் ஆர்சனிக்கும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று நரம்பைக் கெடுப்பது, நரம்புக்காகச் சாப்பிட்டு நரம்பையே இழக்கும் கொடுமை வேண்டாம்.

இதே கொடுமை வைட்டமின் பி6இலும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. "நரம்பு பலம்" என்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் பிசினோடு பி6 தாராளமாகச் சேர்த்திருப்பார்கள். பி6 அளவு மீறி நாள்பட எடுத்தால் அதுவே மதமதப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கு உச்ச வரம்பை நாளைக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. டப்பாவில் 50, 100 என்று பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள், டாக்டர் காரணம் சொல்லி எழுதியிருந்தால் தவிர. சாப்பிடச் சாப்பிட எரிச்சல் கூடுகிறதே, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடலாம் என்று அளவைக் கூட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் அளவெடுத்தல். ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், தினமும் ஒரே நேரத்தில், வலிக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று மட்டும் குறித்து வையுங்கள். இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் கை பரபரக்கும், ஆனால் முழு வேலையின் உயிரும் இதில்தான். நரம்பு வலி ஏறி இறங்கும் சாதி. மனிதர்கள் புது மருந்தைத் தொடங்குவது வலி உச்சத்தில் இருக்கும் வாரத்தில், அதற்கு அடுத்த வாரம் எப்படியும் இறங்கத்தான் போகிறது. முன் இரண்டு வாரக் குறிப்பு இல்லையென்றால் அந்த இறக்கத்தை மாத்திரையின் கணக்கில் வரவு வைத்துவிடுவீர்கள்.

உணர்ச்சிக்குத் தனிச் சோதனை. வீட்டில் ஒருவர் உதவினால் போதும். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள், அவர் இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் ஆள்காட்டி விரலால் இறகுபோல ஓரிரு விநாடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, விட்ட விரலைத் திரும்பத் தொடவும் கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானதால் இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர். மாதத்துக்கு ஒரு முறை செய்து தேதியோடு எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது தொடு உணர்ச்சிக்கு 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையும், அதிர்வு உணர்ச்சிக்கு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நரம்புக் கடத்தல் சோதனை நார்மல் என்று வந்தால் ஏமாற வேண்டாம், அது பெரிய இழைகளை மட்டும் பார்க்கும். எரிச்சலைத் தரும் சின்ன இழைகள் அதன் கண்ணுக்குத் தெரியாது, அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

தொடங்கிய பிறகு வேறு எதையும் மாற்றாதீர்கள். புதிய உடற்பயிற்சி, புதிய செருப்பு, இன்னொரு வைட்டமின் எல்லாம் காத்திருக்கட்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது மட்டும் விதிவிலக்கு, அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம், ஆனால் சர்க்கரை இறங்கியிருந்தால் பலனைப் பிசினுக்கு எழுதக் கூடாது. மாத்திரையை, அன்றைய உணவில் கொழுப்பு அதிகமுள்ள வேளையோடு எடுங்கள். முழங்கால் ஆய்வுகள் ஓடியது 90 நாள் என்பதால் 12 வாரம் நியாயமான கெடு, காலண்டரில் நிறுத்தும் தேதியை முதல் நாளே வட்டம் போட்டு வையுங்கள்.

அந்தத் தேதி வந்ததும் இரண்டு வாரச் சராசரியை எடுத்துப் பழைய இரண்டு வாரத்தோடு ஒப்பிடுங்கள். பத்துக்கு 7 என்றிருந்தது 6.5 ஆகியிருந்தால் அது மாற்றமே இல்லை. வலி மூன்றில் ஒரு பங்காவது குறைந்து, தொடு சோதனையும் மோசமாகாமல் இருந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று நான்கு வாரம் அதே குறிப்பைத் தொடருங்கள். வலி திரும்ப ஏறினால் உங்களுக்கு ஏதோ செய்கிறது என்று எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டோடு டாக்டரிடம் போய்த் தொடர்வதைப் பற்றிப் பேசலாம். ஏறவில்லையென்றால் தானாகக் குறைந்த வலிக்கு இனி மாத்திரை எதற்கு? குறையவே இல்லையென்றால் மிச்சமிருக்கும் டப்பாவை அடுத்தவருக்குக் கொடுக்காமல் தூக்கிப் போடுங்கள்.